ஞானபாயின் அபிஷேகம்

ஞானபாய் ஜெபம் பண்ணினால் கல்லும் கரையும் என்று நெய்யூர்ப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. கல் கரைந்ததை யாரும் பார்த்ததில்லை. ஆனால் கல்லுப்போல இருந்த பல ஆம்பிளைகள் அவள் ஜெபத்தின் நடுவில் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தியதை ஊரே பார்த்திருக்கிறது. மகனுக்கு விசா வரவேண்டுமா, மருமகனுக்குக் குடி நிற்கவேண்டுமா, மாடிக்கு கான்கிரீட் போடுகிற அன்றைக்கு மழை பெய்யாமல் இருக்கவேண்டுமா, கூப்பிடு ஞானபாயை. கார் அனுப்புவார்கள். வெள்ளைச் சேலை கட்டி, தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் முன்சீட்டில் உட்கார்ந்து போவாள். பைக்குள் வேதப்புத்தகம், மூக்குக் கண்ணாடி, ஒரு கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்தில் கொடுத்த சின்னக் குப்பி எண்ணெய்.

முதலில் அடுத்த வீட்டுக்காரியிடம் உப்புக் கேட்பதுபோலத் தணிவாகத்தான் தொடங்குவாள். அந்த வீட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். பிறகு 'அப்பா' என்று ஒரு விளி வரும். அந்த இடத்தில் குரல் உடையும். உடைந்த குரல் அப்படியே மேலே ஏறும், கண்ணீர் கொட்டும், எண்ணெய் தொட்ட விரல் நோயாளியின் நெற்றியில் நடுங்கும். ஆமென் சொல்லி முடிக்கும்போது வீட்டில் உலர்ந்த கண் ஒன்றும் இருக்காது. "என்ன அபிஷேகம், பாத்தியா!" என்று பெண்கள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள்.

இந்த அபிஷேகம் என்ற சொல் இருக்கிறதே, அது ஒரு ஊர்சுற்றி. கோயிலில் அது சாமி தலையில் பாலும் இளநீரும் ஊற்றுவது. பழைய ராஜாக்களுக்கு முடிசூட்டும் நாளில் தலையில் விழுந்த எண்ணெய். கன்வென்ஷன் பந்தலில் ஆவி வந்து இறங்குவது; அங்கே குரல் உயர உயர அபிஷேகமும் கூடும் என்பது கணக்கு. தக்கலை ஜங்ஷன் டீக்கடையில் நிற்கிறவர்களைக் கேட்டால் வேறு அர்த்தம் வைத்திருப்பார்கள். ஓட்டுக் கேட்டு வந்தவர் யாராவது கைகூப்பிக் கண் கலங்கினால், "ஏலே, அண்ணாச்சிக்கு அபிஷேகம் எறங்கியாச்சு" என்று ஒருவன் சொல்ல, மற்றவன் டீயைத் துப்பிச் சிரிப்பான். எண்ணெய் உள்ளே இறங்குகிறதா, மேலோடு வழிகிறதா என்று பார்த்து நிற்கிறவர்களால் சொல்ல முடியாது. ஞானபாய்க்குத் தன் விஷயத்தில் அது எது என்று தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

அவளை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. புருஷன் செல்வதாஸ் பஸ் டிரைவர். ஒரு மத்தியானம் சோற்றில் மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்தவர் அப்படியே சரிந்தார். மகன் எபிசன் மஸ்கட்டிலிருந்து வந்து, அடக்கம் முடித்து, லீவு முடிந்து, பெஞ்சாதி பெபிஷாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். புதிதாகக் கட்டிய வீட்டில், பளபளவென்ற டைல்ஸ் தரையில், ஞானபாய் ஒருத்தி மிஞ்சினாள். ஒருநாள் வைத்த குழம்பு தீருவதற்குள் அவளுக்கே அதன் முகம் பிடிக்காமல் போய்விடும். மனுஷக் குரல் கேட்கட்டும் என்று டி.வி.யைப் போட்டுவிட்டுப் பின்கட்டில் பாத்திரம் கழுவுவாள்.

அந்த நாளில் ஒரு பெண்கள் கூட்டத்தில் ஜெபம் பண்ணச் சொன்னார்கள். எழுந்தாள், 'அப்பா' என்றாள், அதற்கு மேல் முடியவில்லை. அழுதாள். அது முழுக்க முழுக்க நிஜம். கூட்டத்தில் இருந்த பெண்களெல்லாம் கூட அழுதார்கள். ஒருத்தி தோளைப் பிடித்தாள், ஒருத்தி சூடாகப் பாலில்லாத கட்டஞ்சாயா கொண்டுவந்தாள், ஒருத்தி அவளை வீடுவரை கொண்டுவிட்டு, பேசிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். செல்வதாஸ் போனபிறகு அன்றைக்குத்தான் ஞானபாய் நன்றாக உறங்கினாள்.

அடுத்த தடவை பாதி நிஜம். அதற்கடுத்த தடவைக்குள் குரல் தானாகவே வழி படித்துவிட்டது. ஊரும் கூப்பிடத் தொடங்கிவிட்டது. கூப்பிட்ட வீட்டில் சாயாவோடு தின்ன வாழைப்பழம் பொரித்த பழம்பொரி இருக்கும், பேச்சு இருக்கும், விடைபெறும்போது கையைப் பிடித்துக்கொள்ள நாலு பேர் இருப்பார்கள். அந்தக் கைகளுக்காகவே அவள் போனாள். வீட்டுக்கு வந்து கட்டிலருகே முழங்கால் போட்டால் ஒரு சொல் வராது. சுவரைப் பார்த்தபடி இருந்துவிட்டு, மூட்டு வலிக்கிறது என்று எழுந்து படுத்துக்கொள்வாள். ஊருக்கெல்லாம் ஜெபிக்கிறவளுக்குத் தனக்கென்று ஒரு ஜெபம் இல்லை என்பது எத்தனை பெரிய தரித்திரம்!

மதிலுக்கு அந்தப் பக்கம் லில்லிபுஷ்பம் வீடு. செல்வதாஸின் அக்காள், ஞானபாய்க்கு மைனி. வாய் கொஞ்சம் நீளம். ஞானபாய் கார் ஏறிப் போவதைப் பார்த்தால், "போறா பாரு, கண்ணீர்க் குடம்" என்று காதில் விழும்படியே சொல்லுவாள். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே மதில்மேல் குழம்புக் கிண்ணம் மாற்றிக்கொள்கிறவர்கள். லில்லிபுஷ்பத்தின் மகன் ஆன்ஸ்லினுக்குத் தக்கலையில் மொபைல் கடை. மருமகள் ஜினிஷா பள்ளிக்கூடத்தில் டீச்சர். இருவரும் காலையில் இறங்கிப்போனால் லில்லிபுஷ்பமும் பகலெல்லாம் தனிதான்.

போன வருஷம் லில்லிபுஷ்பத்தின் வயிற்றில் கட்டி கண்டார்கள். ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியதெல்லாம் செய்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், வலிக்கு மருந்து தருகிறோம் என்று நல்லமாதிரிச் சொல்லி அனுப்பினார்கள். விஷயம் தெரிந்த அன்றே ஞானபாய் சபைப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போனாள். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அன்றைக்குப் பண்ணிய ஜெபத்தைப் பெண்கள் வாரக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குரல் உடைந்தது, ஏறியது, கண்ணீர் லில்லிபுஷ்பத்தின் கையில் சொட்டியது. நெற்றியில் எண்ணெய் பூசினாள்.

பெண்கள் சாயா குடிக்கப் போனபிறகு லில்லிபுஷ்பம் போர்வையின் நுனியால் நெற்றியைத் துடைத்தாள்.

"ஏட்டி ஞானபாயி, நீ இப்பம் ஆருக்கு அழுத?"

"இது என்ன மைனி கேள்வி? ஒங்களுக்குத்தான்."

"எனக்கா? எனக்க மூஞ்சிய நீ ஒரு தடவகூடப் பாக்கல்லியே. அவியள் அழுகாவளான்னு ஒரு கண்ணத் தொறந்து பாத்த. நான் கெடக்குகது செத்துப் போகதுக்காக்கும். இஞ்ச வந்து கூத்துக் காட்டாத."

கூத்து! ஞானபாய்க்கு முகத்தில் வெந்நீரை ஊற்றியதுபோல ஆயிற்று. பையை எடுத்துக்கொண்டாள். சாகக் கிடந்தாலும் நாக்குக்கு எலும்பில்லை பார் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வீடுவந்து சேர்ந்தாள். அந்தப் பக்கமே போகவில்லை. மதில்மேல் கிண்ணமும் வரவில்லை.

ரோஷம் எத்தனை நாளுக்கு? மார்த்தாண்டத்தில் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். மகளுக்கு இஸ்ரேலில் நர்ஸ் வேலை, விசாவுக்காக ஜெபம். ஞானபாய் தணிவாகத் தொடங்கினாள். பெயர்களைச் சொன்னாள். 'அப்பா' என்றாள். குரல் உடைந்தது. உடைந்த அந்தக் கணத்தில் அவள் காதே அதைக் கேட்டது. விசாவுக்கு உடைந்த அதே குரல், அதே இடம், அதே அளவு. மைனியின் கட்டிலருகேயும் இதுதான். சாகப்போகிறவளுக்கும் விசாவுக்கும் ஒரே கண்ணீரா? ஜெபத்தை எப்படியோ முடித்தாள். எல்லாரும் அழுதிருந்தார்கள். பழம்பொரியைத் தொடாமலே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் ஆன்ஸ்லினும் ஜினிஷாவும் கிளம்பிப்போனதும் பின்வாசல் வழியாகப் போனாள். பையில்லை, எண்ணெயில்லை, கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. பகல்நேரத்துக்கு வந்து பார்த்துக்கொள்ளும் பிந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள். லில்லிபுஷ்பம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"ஆரு?"

"நாந்தான் மைனி."

"ஆளு கூட்டிட்டு வந்தியா?"

"இல்ல. ஒத்தைக்குத்தான்."

"செரி. இரி."

இருந்தாள். வேறொன்றும் நடக்கவில்லை. மின்விசிறி சுற்றியது. கொஞ்சம் கழித்து லில்லிபுஷ்பம் குடிக்க வெள்ளம் கேட்டாள், கொடுத்தாள். சந்தையில் சாளைமீன் என்ன விலை என்று கேட்டாள், ஆனை விலை குதிரை விலை என்று சொன்னாள். அதற்கப்புறம் தினமும் போனாள். செல்வதாஸ் சின்ன வயசில் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் பாம்பைப் பார்த்து உடுதுணியை விட்டுவிட்டு ஓடிவந்த கதையை லில்லிபுஷ்பம் சொன்னாள். ஞானபாய்க்குத் தெரியாத கதை. இரண்டு கிழவிகளும் சிரித்த சிரிப்பில் பிந்து வந்து எட்டிப் பார்த்தாள். வலி வரும் நேரத்தில் லில்லிபுஷ்பம் பேசமாட்டாள். ஞானபாயின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். நகம் பதியும். ஞானபாய் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வந்ததும் போனதும் பிந்துவைத் தவிர யாருக்கும் தெரியாது, அவள் வாயை லில்லிபுஷ்பம் அடைத்து வைத்திருந்தாள்; ஞானபாயும் சொல்லிக்கொள்ளவில்லை. புருஷன் போனபிறகு அவள் சந்தோஷமாக இருந்தது அந்தப் பகல்களில்தான் என்றால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ!

ஒரு மத்தியானம் வலி கொஞ்சம் விட்டிருந்தபோது லில்லிபுஷ்பம் சொன்னாள்.

"மக்கா, எனக்க பெட்டிக்க முன்னால ஒன்ன ஜெபம் பண்ணச் சொல்லுவாவ."

"அதெல்லாம் இப்பம் எதுக்கு மைனி?"

"கேளு. அந்தக் கொரல எனக்க மேல எடுக்காத. சும்மா நில்லு. நாளு முச்சூடும் இஞ்ச சும்மாதானே இருந்த? அதுபோல நின்னாப் போதும். செய்வியா?"

"செய்வேன்."

"சத்தியமா?"

"சத்தியமா மைனி."

சொல்லும்போது அது ஒரு பெரிய காரியமாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தபிறகுதான் உறைத்தது. சொந்த மைனியின் சவப்பெட்டிக்கு முன்னால் ஞானபாய் ஊமையாக நின்றால் ஊர் என்ன சொல்லும்? அபிஷேகம் போயிற்று என்பார்கள். அபிஷேகம் போனவளை எவன் கார் அனுப்பிக் கூப்பிடுவான்? இந்த வீடும் டி.வி.யும் பழைய குழம்பும்தான் மிச்சம். மைனியும் இல்லாமல், கூப்பிட ஆளும் இல்லாமல் எப்படி இருப்பது? ஒரு சின்ன ஜெபம், தணிந்த குரலில், அழாமல் பண்ணினால் சத்தியத்தை மீறினதாகுமா என்றுகூட யோசித்துப் பார்த்தாள். ஆனால் அவளுக்குத் தன் குரலைத் தெரியும். வாயைத் திறந்தால் அது அவளைக் கேட்காது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் லில்லிபுஷ்பம் போய்ச் சேர்ந்தாள். முற்றத்தில் பந்தல் போட்டார்கள். நாற்காலிகள் வந்தன. கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் ஒருவன் காமிரா வைத்தான். மஸ்கட், துபாய், சவுதி என்று உறவெல்லாம் நேரலையில் பார்க்கவேண்டுமே. எபிசனும் பெபிஷாவும் மஸ்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்பார்கள். ஐயர் வந்து ஆறுதல் வார்த்தை சொன்னார். பாட்டுப் பாடினார்கள். பெட்டியைச் சபைக் கோயிலுக்கு எடுப்பதற்கு முன்பு வீட்டுக்காரர்களில் ஒருவர் ஜெபிப்பது வழக்கம்.

"மரித்த பரிசுத்தவாட்டியின் தம்பி மனைவி, நம்ம ஞானபாய் அம்மா ஜெபிப்பாங்க" என்றார் ஐயர்.

யாருக்கும் அதில் சந்தேகமே இல்லை. ஞானபாய் எழுந்தாள். பெண்கள் தயாராகக் கைக்குட்டையை எடுத்தார்கள். ஒருவர் மைக்கைக் கொண்டுவந்து வாயருகே பிடித்தார். காமிராக்காரன் திருப்பினான். ஜினிஷா கண்ணை மூடி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ஞானபாய் லில்லிபுஷ்பத்தின் முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, மூக்கு நீண்டு, வாய் மட்டும் இப்போதும் ஏதோ சொல்லப்போவதுபோல இருந்தது. தொண்டையில் 'அப்பா' வந்து நின்றது. எத்தனையோ பந்தல்களில் வந்த அதே சொல், அதே இடத்தில், உடைவதற்குத் தயாராக. அதை விழுங்கினாள். சும்மா நின்றாள்.

மழை பந்தல் தகரத்தில் விழும் சத்தம் மைக்கில் கேட்டது. கூட்டம் காத்திருந்தது. முதலில் உருக்கத்தால் பேச்சு வரவில்லை என்று நினைத்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நின்றுகொண்டே இருந்தாள். ஐயர் இருமினார். மைக் பிடித்தவர் கை மாற்றிக்கொண்டார். கடைசியில் ஐயரே கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். ஞானபாய் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வரும்போது ஆன்ஸ்லின் அவளருகில் வந்தான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"ஊருல உள்ளவனுக்கெல்லாம் வேண்டி அழுதிய மாமி. எனக்க அம்மைக்கு ஒரு சொட்டு விடதுக்கு ஒங்களுக்கு முடியல்ல, இல்லியா?"

மைனிதான் வேண்டாம் என்றாள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஏன் வேண்டாம் என்றாள் என்று அவன் கேட்பானே. மற்ற கண்ணீரெல்லாம் கூத்து என்று சொல்லவேண்டும். போதாக்குறைக்கு, செத்தவளின் சொல்லைத் தன் மானத்துக்கு மறைப்பாகப் பிடிக்கவேண்டும். "மக்கா" என்று மட்டும் சொன்னாள். அவன் குடையை விரித்துக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

எபிசன் மறுநாள் வீடியோ காலில் வந்தான்.

"என்னம்மா, இஞ்ச எல்லாரும் கேக்காவ. மைக்கு முன்னால அப்பிடியே நின்னிய. ஒடம்புக்கு ஏதாவது செய்யுதா? பெபிஷா நாணமாப் போச்சுன்னு சொல்லுகா."

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல மக்களே."

"பின்ன?"

"பின்ன ஒண்ணும் இல்ல."

அவள் பயந்தது அப்படியே நடந்தது. கூப்பிடுகிறவர்கள் குறைந்து, பிறகு நின்றே போனார்கள். சபையில் வேறொருத்தி எழுந்து ஜெபிக்கத் தொடங்கினாள், நல்ல தொண்டை. பெண்கள் ஞானபாயைப் பார்த்துத் தோத்திரம் சொல்லிவிட்டு நகர்ந்துபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வரும்போது, எப்போதும் யாராவது கூடப் பேசிக்கொண்டு வருகிற அந்த வாய்க்கால் கரையில், அவள் ஒத்தையாக வந்தாள். ஆன்ஸ்லின் வீட்டில் மதிலோரம் இருந்த ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்தார்கள்.

ஒரு சாயந்திரம் மீன்காரன் கூவினான். எழுந்து போக மனசில்லை, ஆனாலும் போனாள். பளபளவென்று நல்ல சாளை. தனக்கு வேண்டியதைவிட அதிகமாகவே வாங்கிவிட்டாள். கழுவி, மிளகரைத்து, புளி கரைத்து, குழம்பு கொதித்து மணம் வந்தது. கிண்ணத்தில் கோரி எடுத்துக்கொண்டு மதிலருகே வந்து, "மைனி" என்று கூப்பிட்டாள்.

கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது.

கிண்ணத்தை மதில்மேல் வைத்தாள். அப்படியே வாழைமரத்து மூட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அவளுடைய ஜெபக்குரல் இல்லை. அழகில்லாத, கேவலும் மூக்கும் சளியுமான சத்தம். மைனிக்காக வந்தது, செல்வதாஸுக்காக வந்தது, தனக்காகவும் வந்தது. வாயில் கையை வைத்து அடைத்துப் பார்த்தாள். அடங்கவில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

"அது என்ன சத்தம்?" என்றான் ஆன்ஸ்லின்.

"ஒங்க மாமிதான்" என்றாள் ஜினிஷா. "நாளைக்கு எவனோ ஜெபத்துக்குக் கூப்பிட்டிருக்கானாயிருக்கும். பழகிப் பாக்கா."

ஜன்னல் சாத்திக்கொண்டது. ஒவ்வொரு சொல்லும் ஞானபாயின் காதில் தெளிவாக விழுந்தது. வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவள் தொடர்ந்து அழுதாள்.